இறாலுக்கும் விசா வேண்டும்

போன கோடை விடுமுறையில் வேதாரண்யம் பக்கம் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு இரண்டு இறால் குட்டைகள். குஞ்சு விட்டு நூறு நாள் தாண்டியிருந்தது. கவுண்ட் நாற்பதுக்கு வந்திருந்தது. அதாவது ஒரு கிலோவுக்கு நாற்பது இறால் நிற்கும் அளவு. நல்ல வளர்ச்சி. நோய் எதுவும் இல்லை. இந்த முறை கடன் அடைந்துவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பிடிப்பதற்கு முன்னால் கம்பெனி ஏஜென்ட் வந்து கொஞ்சம் இறாலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில நாள் கழித்து போன் வந்தது. "பாசிட்டிவ்" என்றார். தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக் ஒன்றின் எச்சம் இருக்கிறதாம். கம்பெனி எடுக்காது. மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நான் மருந்தே போடலையே சார், புரோபயாடிக் மட்டும்தான் போட்டேன்" என்றார். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் உள்ளூர் வியாபாரி ஒருவர் கிலோவுக்கு எண்பது ரூபாய் குறைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது மாமா என்னிடம் கேட்டார்: "ஏன் மாப்ள, நீ காமர்ஸ்தானே படிக்கிற? எங்கயோ இருக்கிற வெள்ளக்காரன் வேணாம்னு சொன்னா, என் குட்டையில நான் நட்டப்படணுமா? இது என்ன நியாயம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏற்றுமதி ஆவணங்கள் என்று நமக்கு ஒரு பாடமே நடத்தினார்கள். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், லெட்டர் ஆஃப் கிரெடிட் எல்லாம் மனப்பாடம் செய்து தேர்வும் எழுதிவிட்டோம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நாட்டுக்குள் நம் சரக்கு போகவே அனுமதி உண்டா? அதை யார் தருகிறார்கள், எப்போது பறிக்கிறார்கள்? இது நம் புத்தகத்தில் இல்லை. மாமாவின் கேள்விக்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே என் கருத்தையும்.

விசா எப்படிக் கிடைக்கிறது?

நாம் வெளிநாடு போக விசா வேண்டும் அல்லவா? இறாலுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி விசா வைத்திருக்கிறது.

ஐரோப்பிய யூனியனில் முதலில் ஒரு நாடே தேர்வாக வேண்டும். அந்த நாட்டில் சோதனை செய்யவும் சான்று தரவும் நம்பிக்கையான ஓர் அரசு அமைப்பு இருக்கவேண்டும். நமக்கு அது ஏற்றுமதி ஆய்வுக் குழு. அதன் பிறகு ஒவ்வொரு பதப்படுத்தும் ஆலைக்கும் தனியாக அனுமதி எண் வாங்கவேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஆலை எவ்வளவு நல்ல இறால் வைத்திருந்தாலும் ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது. பண்ணை இறால் என்றால் பிடிப்பதற்கு முன்பே குட்டையில் சோதனை செய்த சான்றும் வேண்டும். மாமா மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அமெரிக்காவின் முறை வேறு. அங்கே பொறுப்பை ஆலையின் மேலும் இறக்குமதியாளரின் மேலும் போடுகிறார்கள். ஹேசாப் என்று ஒரு முறை உண்டு. விண்வெளி வீரர்களின் உணவு கெட்டுப்போகக்கூடாது என்பதற்காக நாசா காலத்தில் உருவான யோசனை அது. கடைசியில் டப்பாவைத் திறந்து பார்ப்பதற்குப் பதிலாக, எந்தெந்த இடத்தில் கெட வாய்ப்பு உண்டோ அந்தந்த இடத்தில் முன்கூட்டியே காவல் போட்டுவிடுவது. 1997 டிசம்பர் முதல் கடல் உணவுக்கு அதை அமெரிக்கா கட்டாயமாக்கியது. இதற்கு மேல் துறைமுகத்தில் சோதனையும் உண்டு.

ஜப்பான் 2006 மே மாதம் ஒரு புதிய முறை கொண்டுவந்தது. ஒரு ரசாயனத்துக்குத் தனியாக அளவு குறிக்கப்படவில்லை என்றால், பத்து லட்சத்தில் 0.01 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அவ்வளவுதான், பேச்சே கிடையாது.

ஆக மூன்று நாடு, மூன்று விசா. இதில் முக்கியமான விஷயம், விசா வாங்குவது ஒருமுறை செய்கிற வேலை இல்லை. வாங்கிய பிறகு ஒவ்வொரு கன்டெய்னரிலும் அதைக் காப்பாற்றவேண்டும்.

1997இல் கதவு மூடியபோது

இது எவ்வளவு பெரிய வியாபாரம் என்று பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. 2024-25ஆம் ஆண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு சுமார் 17 லட்சம் டன். மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் உறைய வைத்த இறால் மட்டும் 43,000 கோடிக்கு மேல். இறாலில் சுமார் 3.1 லட்சம் டன் அமெரிக்கா ஒன்றுக்கே போயிருக்கிறது. ஐரோப்பிய யூனியனுக்குப் போனது சுமார் 1 லட்சம் டன்.

இவ்வளவு பெரிய வியாபாரம் ஒரே நாளில் நின்று போகுமா? போயிருக்கிறது. 1997 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஐரோப்பிய யூனியன் இந்தியக் கடல் உணவுக்குத் தடை போட்டது. அதே சமயத்தில் வங்கதேசத்துக்கும் தடை. சரக்கில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் கிடைத்தன. அவர்களுடைய ஆய்வாளர்கள் இங்கே வந்து பார்த்தபோது ஆலைகளின் சுகாதாரமும் சரியில்லை, அதைக் கண்காணிக்கவேண்டிய அரசு முறையும் சரியில்லை என்று எழுதினார்கள். ஆண்டு இறுதியில்தான், அதுவும் தேர்ந்தெடுத்த சில ஆலைகளுக்கு மட்டும், கதவு மறுபடி திறந்தது.

அப்போதெல்லாம் இறால் உரிப்பது பெரும்பாலும் ஆலைக்கு வெளியே நடந்தது. கேரளக் கடற்கரையில் சிறுசிறு கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பெண்கள் உட்கார்ந்து உரித்துக் கொடுப்பார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஐஸ் எதில் செய்தது என்று யாரும் கேட்டதில்லை. தடைக்குப் பிறகு உரிக்கும் வேலை ஆலைக்குள் வந்தது. ஓடு பதித்த தரை, குளோரின் தண்ணீர், கையுறை, தலைக்கு உறை எல்லாம் வந்தன. நம்முடைய சரக்கின் தரம் உயர்ந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் வீட்டுப் பக்கத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நாலு காசு சம்பாதித்த பெண்களில் பலருக்கு அந்த வேலை போய்விட்டது. இதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிரஸ்ஸல்ஸில் ஒரு விதி எழுதப்படுகிறது, அதன் செலவை ஏற்றுமதியாளர் கொஞ்சம் ஏற்கிறார், மீதியைக் கடைசியில் இருப்பவர் ஏற்கிறார். 1997இல் அது உரிக்கும் பெண். போன வருஷம் என் மாமா.

ஒரு குடம் பாலும் ஒரு துளி விஷமும்

ஒரு ஆலைக்கு ஒரே நாளில் பல குட்டைகளிலிருந்து இறால் வருகிறது. எல்லாம் கழுவப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, உறைய வைக்கப்பட்டு ஒரே கன்டெய்னரில் ஏறுகிறது. அதில் ஒரு குட்டையில் மட்டும் நைட்ரோஃப்யூரானோ குளோரம்பெனிகாலோ இருந்தால் போதும், மொத்த சரக்கும் திரும்புகிறது. அத்தோடு முடிவதில்லை. அப்படிப் பல சரக்குகள் மாட்டினால் நாட்டின் பெயரே கெடுகிறது. 2016இல் ஐரோப்பிய யூனியன் அதைத்தான் செய்தது. அதுவரை இந்தியப் பண்ணை இறால் சரக்கில் நூற்றுக்குப் பத்தைச் சோதித்தவர்கள், அதை நூற்றுக்கு ஐம்பதாக உயர்த்தினார்கள். தவறே செய்யாத ஏற்றுமதியாளரின் சரக்கும் துறைமுகத்தில் காத்துக்கிடக்கவேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை, கரன்ட் செலவு, வட்டி.

நம் ஊரில் ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் என்பார்கள். ஏற்றுமதியில் இது அப்படியே பொருந்துகிறது. நல்ல பெயர் எல்லோருக்கும் பொதுச் சொத்து. அதைக் கெடுப்பவனுக்குக் கிடைக்கும் லாபம் தனிச் சொத்து. நோய் வந்த குட்டையைக் காப்பாற்ற ஒருவர் திருட்டுத்தனமாக மருந்து போட்டால், அவருடைய இறால் பிழைக்கலாம். நஷ்டம் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பங்கு போடப்படுகிறது. பொருளாதார வகுப்பில் பொது மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் படித்தது நினைவிருக்கிறதா? இது அதேதான், புல்லுக்குப் பதில் நம்பிக்கை.

ஆனால் எல்லாப் பாசிட்டிவும் திருட்டு மருந்து இல்லை. ஜப்பான் கதையைக் கேளுங்கள். 2012இல் இந்திய இறாலில் எத்தாக்ஸிகுயின் என்ற பொருள் இருக்கிறது என்று ஜப்பான் சோதனையை இறுக்கியது. அது மருந்தே இல்லை. இறால் தீவனத்தில் மீன்தூள் சேர்க்கிறார்கள். மீன்தூளில் உள்ள எண்ணெய் காறிப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. விவசாயிக்கு அந்தப் பெயரே தெரியாது. தீவன மூட்டையை வாங்கினார், போட்டார். ஜப்பானில் அதற்கு இறாலில் தனி அளவு குறிக்கப்படாததால் அந்த 0.01 விதி பாய்ந்தது. பிறகு தீவன ஆலைகள் மாற்றிக்கொண்டன. நம் அரசும் பேச்சுவார்த்தை நடத்தியது. 2014இல் ஜப்பான் அந்த அளவை 0.2ஆகத் தளர்த்தியது. அதாவது இருபது மடங்கு. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. நியாயமான காரணமும் ஆதாரமும் இருந்தால் விதியையே மாற்றவைக்கலாம். ஆனால் அதுவரை அடி வாங்கியது யார் என்று கேட்டால், அந்தப் பெயரையே கேள்விப்படாத விவசாயி.

என் மாமா விஷயத்துக்கு வருவோம். அவர் போட்ட "புரோபயாடிக்" டப்பாவை நான் எடுத்துப் பார்த்தேன். பளபளவென்று ஒரு இறால் படம், ஒரு பெயர், விலை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. தயாரித்தவர் முகவரி பாதி அழிந்திருந்தது. அதனால்தான் பாசிட்டிவ் வந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் இப்படி லேபிள் இல்லாத சாமான்களில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருக்கும் ஆபத்து உண்டு என்று தெரிந்துதான், ஆன்டிபயாடிக் இல்லை என்ற சான்று பெற்ற பொருட்களை மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையம் அந்தச் சான்றைத் தருகிறது. மாமாவுக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. கடைக்காரருக்குத் தெரியுமா? தெரிந்திருக்கவேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆமை சொன்ன பாடம்

இதுவரை சொன்னது பண்ணை இறால். கடலில் பிடிக்கும் இறாலின் கதை இன்னும் வருத்தமானது.

1989இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. இறால் பிடிக்கும் இழுவலையில் கடல் ஆமைகள் மாட்டிச் சாகின்றன, ஆமையைக் காப்பாற்றாத நாட்டிலிருந்து கடல் இறால் வாங்கமாட்டோம் என்று. ஆமை மூச்சு விட மேலே வரவேண்டிய உயிர். வலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். இதற்கு ஒரு எளிய கருவி உண்டு. வலையின் கழுத்துப் பகுதியில் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாக வைப்பார்கள். இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மடிக்குள் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி, பக்கத்தில் இருக்கும் திறப்பு வழியாக வெளியே போய்விடும்.

இந்தியா, தாய்லாந்து, மலேசியா, பாகிஸ்தான் நான்கும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998இல் தீர்ப்பு வந்தது. ஆமையைக் காப்பாற்றும் நோக்கம் சரி, ஆனால் அதை அமல்படுத்திய விதத்தில் பாரபட்சம் இருக்கிறது என்றது மேல்முறையீட்டு அமைப்பு. கரீபியன் பகுதி நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் தந்த அமெரிக்கா, ஆசிய நாடுகளுக்கு அதைத் தரவில்லை. நாம் ஜெயித்துவிட்டோம் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அமெரிக்கா சட்டத்தை எடுக்கவில்லை. நடைமுறையை மட்டும் திருத்திக்கொண்டது. மலேசியா மறுபடி போய்க் கேட்டபோது, 2001இல் இப்போது சரிதான் என்று தீர்ப்பாகிவிட்டது.

அதன் பிறகு நமக்குக் கிடைத்த கால அவகாசம் கொஞ்சமா? கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்றமாதிரி அந்தக் கருவியை வடிவமைத்தே கொடுத்துவிட்டது. கருவி இருந்தது, காகிதத்தில் விதியும் இருந்தது, படகில் மட்டும் இல்லை. 2019இல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. பண்ணை இறாலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் மொத்த ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் அடி பெரிதாகத் தெரியவில்லை. அதனால் யாருக்கும் பெரிதாக உறைக்கவும் இல்லை. ஆனால் கடலில் இறால் பிடிப்பவருக்கு ஒரு பெரிய சந்தை இல்லாமல் போனது. வாங்குபவர் ஒருவர் குறைந்தால் விலை என்ன ஆகும் என்று காமர்ஸ் படிக்கும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

படகுக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. திறப்பு வைத்தால் பெரிய மீனும் போய்விடும், டீசல் விலைக்குக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போவது இறால் மட்டும்தான், ஆனால் நம் இழுவலையில் வருவது நூறு வகை மீன். நியாயமான கவலை. இதற்குப் பதில் சொல்லாமல் கருவியை மட்டும் தூக்கிக் கொடுத்தால் அது வீட்டுக் கூரை மேல்தான் கிடக்கும்.

அதே சமயம், 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அமெரிக்காக்காரன் சொன்னதால் ஆமையைக் காப்பாற்றவேண்டுமா? அவன் சொல்லாவிட்டாலும் செய்யவேண்டிய வேலை இல்லையா அது?

பக்கத்து நாட்டைப் பாருங்கள்

தடை வந்தால் மீளவே முடியாதா? முடியும். இலங்கையே உதாரணம். ஐரோப்பிய யூனியன் 2010 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு மீனும் எந்தப் படகு, எந்தக் கடல், சட்டப்படி பிடித்ததா என்று சான்று வேண்டும். இலங்கைப் படகுகள் ஆழ்கடலில் கண்காணிப்புக் கருவி இல்லாமல் மீன் பிடிக்கின்றன, தவறு செய்தால் தண்டனையும் போதவில்லை என்று 2012இல் எச்சரிக்கை வந்தது. அது மஞ்சள் அட்டை. இரண்டு ஆண்டுகளில் போதிய மாற்றம் இல்லை. 2014 அக்டோபரில் சிவப்பு அட்டை. 2015 ஜனவரியிலிருந்து தடை அமலானது.

அதன் பிறகு அவர்கள் உட்கார்ந்து அழவில்லை. சட்டத்தைத் திருத்தினார்கள், அபராதத்தை உயர்த்தினார்கள், ஆழ்கடல் படகுகளில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவியைப் பொருத்தினார்கள். 2016இல் தடை நீங்கியது. தாய்லாந்தும் 2015இல் மஞ்சள் அட்டை வாங்கி, சீர்திருத்தம் செய்து, 2019 ஜனவரியில் வெளியே வந்தது. எச்சரிக்கை வந்தபோதே செய்திருந்தால் தடையே வந்திருக்காது என்பதுதான் இலங்கையின் பாடம்.

இதெல்லாம் அவர்களுடைய சதி இல்லையா?

இந்தக் கேள்வியை என் நண்பன் கேட்டான். உணவுப் பாதுகாப்பு, ஆமை என்பதெல்லாம் சாக்கு, உண்மையில் அவர்கள் ஊர் வியாபாரியைக் காப்பாற்றத்தான் இந்த நாடகம் என்கிறான்.

முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். அமெரிக்க இறால் படகுக்காரர்களின் புகாரின் பேரில் இந்தியா உட்பட ஆறு நாடுகளின் இறாலுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். அந்த உத்தரவு வந்தது 2005 பிப்ரவரியில். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கான உயிர்கள் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நம் ஊர்க் கடற்கரை அப்போது எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிறகு 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி என்றார்கள். இறாலின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குக் கோபம் பாதி. அதில் அடிபட்டது ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் குட்டை வைத்திருப்பவர்.

ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. வரி என்பது அவர்கள் அரசியல். ஏறும், இறங்கும். அதை நாம் பேச்சுவார்த்தையில்தான் பார்க்கமுடியும். தரச் சான்று என்பது நம் கையில் இருப்பது. இதில் வேடிக்கை என்னவென்றால், முதலாவதிலிருந்து தப்பிக்கவே இரண்டாவது தேவைப்படுகிறது. 50 சதவீத வரி வந்தவுடன் எல்லோரும் சொன்னது என்ன? "வேறு சந்தைக்குப் போங்கள்" என்றார்கள். போகலாம். யார் போகலாம்? அந்தச் சந்தையின் விசா ஏற்கெனவே கையில் இருப்பவர்தான். 2025 செப்டம்பரில் ஐரோப்பிய யூனியன் மேலும் 102 இந்திய ஆலைகளுக்கு அனுமதி கொடுத்தது. வரி வந்த அடுத்த மாதமே கிடைத்ததால் ஏதோ அதிர்ஷ்டம் போலத் தெரியலாம். ஆனால் அது ஆண்டுக்கணக்காகச் சோதனையும் ஆவணமும் சரி செய்து, திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியது. வெள்ளம் வந்த பிறகு படகு கட்ட முடியாது.

ஆகவே என் கருத்து இதுதான். சந்தை அனுமதி என்பது ஏற்றுமதியாளர் டெல்லிக்கும் கொச்சிக்கும் அலைந்து வாங்கும் காகிதம் மட்டும் இல்லை. கதவு திறப்பது பிரஸ்ஸல்ஸிலும் வாஷிங்டனிலும் இருக்கலாம். அது திறந்தே இருக்குமா என்பது குட்டைக் கரையிலும் படகின் மேல்தட்டிலும்தான் முடிவாகிறது. அங்கே இருப்பவருக்கு விதி போய்ச் சேராமல், தண்டனை மட்டும் போய்ச் சேர்கிறது. இதை மாற்றாதவரை ஒவ்வொரு சில ஆண்டுக்கும் ஒரு தடை வந்துகொண்டேதான் இருக்கும்.

என்ன செய்யலாம்?

நான் நிபுணன் இல்லை. ஆனாலும் தோன்றியதைச் சொல்கிறேன்.

ஒன்று, விவசாயியைப் பிடிப்பதற்கு முன்னால் கடையைப் பிடியுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவை விற்கவே கூடாது. நூறு குட்டைகளில் போய் சோதிப்பதைவிட நான்கு கடைகளில் சோதிப்பது சுலபம். சான்று பெற்ற பொருட்களின் பட்டியலைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு தீவனக் கடை வாசலிலும் ஒட்டவேண்டும்.

இரண்டு, சோதனை முடிவைக் காகிதத்தில் கொடுங்கள். மாமாவுக்குக் கிடைத்தது போனில் ஒரு வார்த்தை. எந்த மருந்து, எவ்வளவு, எந்த ஆய்வகம் என்று எதுவும் தெரியாது. மறுபடி சோதிக்கச் சொல்ல வழியும் தெரியாது. இப்படி இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லும் தந்திரமோ என்ற சந்தேகம் விவசாயிக்கு வரத்தான் செய்யும். நம்பிக்கை வெளிநாட்டுக்காரருக்கு மட்டும்தான் தேவையா?

மூன்று, சுத்தமான இறாலுக்குக் கூடுதல் விலை கொடுங்கள். இப்போது தவறினால் தண்டனை உண்டு, சரியாகச் செய்தால் பரிசு இல்லை. நெகட்டிவ் வந்த குட்டைக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுத்தால், எந்தக் கருத்தரங்கும் செய்யாத வேலையை அது செய்யும்.

நான்கு, ஆமைக் கருவியைப் படகுக்காரரோடு சேர்ந்து கடலில் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு மீன் போகிறது என்று அவர்கள் கண் முன்னால் எடை போட்டுக் காட்டுங்கள். இழப்பு இருந்தால் ஈடு கொடுங்கள். கடல் பாலூட்டிகளைப் பாதுகாக்கும் இன்னொரு அமெரிக்கச் சட்டத்தின் இறக்குமதி விதியும் 2026 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது. விதிகள் குறையப் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தடை வந்த பிறகு விழித்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது.

ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மாமாவின் இறாலை உள்ளூர் வியாபாரி எடுத்துப் போனார் என்றேன் அல்லவா? அது எங்கே போயிருக்கும்? நம் ஊர் மார்க்கெட்டுக்குத்தான். அதற்கு முன்னால் இரண்டு கிலோவை வீட்டுக்கென்று எடுத்து வைத்தார்கள். அத்தை தொக்கு செய்தார்கள். நானும் ரெண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. ஐரோப்பியர் சாப்பிடக்கூடாதது எனக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான். இந்த மருந்துகள் நம் நாட்டுச் சட்டப்படியும் உணவில் தடை செய்யப்பட்டவைதான். ஆனால் நம் மார்க்கெட்டில் யார் சோதிக்கிறார்கள்? தரம் என்பது வெளிநாட்டுக்காரருக்காகப் போடும் வேஷமாக இருக்கும்வரை அது கலைந்துகொண்டேதான் இருக்கும். நமக்காகவும் அதே தரத்தைக் கேட்க ஆரம்பித்தால், விசா தானாக வரும்.

மாமாவின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் அல்லவா? இந்தத் தீபாவளிக்குப் போனபோது சொன்னேன். "மாமா, வெள்ளக்காரன் கேட்டதுல தப்பில்ல. உங்ககிட்ட யாரும் முன்னாடியே சொல்லாததுதான் தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து காட்டினார். புதுசாகக் குஞ்சு விட்ட நாளிலிருந்து என்ன போட்டார், எந்தக் கடையில் வாங்கினார், டப்பாவில் என்ன எண் என்று தேதிவாரியாக எழுதியிருந்தார். பில் எல்லாம் பின் அடித்து வைத்திருந்தார்.

"இந்தத் தடவ பாசிட்டிவ்னு சொன்னா, இதைக் காட்டி எதுலன்னு கேப்பேன் மாப்ள" என்றார்.

அந்த நோட்டைப் படித்துப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கவேண்டும். அது இன்னும் இல்லை.